முகம் மறைத்து அனுப்பவும்

பதியுதீனைச் சண்டைக்கு இழுக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. ஒரு பழைய ஆண்டைப் பிழையாகச் சொன்னால் போதும். கல்முனைக்குடிக் கடற்கரைத் தெருவுக்குக் கரண்ட் வந்தது சூறாவளிக்கு முந்தியா பிந்தியா என்று தேநீர்க் கடையில் யாராவது வாய் தடுமாறினால், மனிதர் அடுத்த மேசையிலிருந்து எழும்பி வந்து அவன் முன்னால் குந்திவிடுவார். பஸ் டிப்போவில் நேரக் கணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிந்தி வந்த பஸ்ஸை முறைத்துப் பார்த்தே பழகிய கண். முறைப்பதற்கு பஸ் இல்லாமல் போனதால் ஊர் வரலாற்றை முறைக்கத் தொடங்கினார் என்று கூட்டாளிகள் பகிடி பண்ணுவார்கள்.

அவர் தொடங்கிய பேஸ்புக் குழுவுக்கு ‘அந்தக் கரை’ என்று பெயர். சுனாமி வாரிக்கொண்டு போன தெருக்களைப் பற்றிய குழு. இன்றைக்கு அந்தப் பக்கம் போனால் மணலும், மணலில் பாதி புதைந்த அத்திவாரங்களும், பின்னேரத்தில் கடலை வடை விற்கும் வண்டிகளும்தான். அங்கே ஒரு தெருவில் வள்ளமும் வலையும் வைத்திருந்த சம்மாட்டிமார் வீடுகள் வரிசையாக இருந்தன என்று இருபது வயதுப் பையனிடம் சொன்னால் சிரிப்பான். பதியுதீன் சொல்லுவார், படத்தோடு சொல்லுவார். எந்த வீட்டுக் கிணறு நல்ல தண்ணி, எந்த மூலையில் ஐஸ்பழக்காரர் நிற்பார், பள்ளிவாசல் மதில் எந்த வருடம் இடிந்தது, எல்லாம் அவரிடம் இருந்தது. கட்டாரிலும் சவூதியிலும் லண்டனிலும் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் பழைய படங்களை அனுப்புவார்கள். அவர் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ‘இடமிருந்து வலம்’ என்று எழுதி, நிற்பவர்களின் பெயர்களைப் போடுவார். பெயர் தெரியாவிட்டால் தெரியும்வரை சோறு இறங்காது.

பாண்டிருப்பு நல்லரெத்தினம் குழுவின் தூண் மாதிரி. கூட்டுறவுச் சங்கக் கடையில் முகாமையாளராக இருந்தவர், பதியுதீனைவிட நாலைந்து வயது மூப்பு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிழை பிடிப்பதற்காகவே காலையில் எழும்புகிறவர்கள். ஒருநாள் சண்டை இல்லாவிட்டால் மற்றவருக்குக் காய்ச்சலோ என்று போன் எடுத்து விசாரிப்பார்கள்.

பதியுதீனுக்கு வரலாற்றில் இருந்த ஆசை பொய்யில்லை. ஆனால் அந்த ஆசைக்கு அடியில் இன்னொன்று கிடந்தது. அதை அவர் யாரிடமும் கதைக்கவில்லை, மனைவி ஆமினாவிடம்கூட. அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். உம்மு சல்மா. ஊரில் உம்மு என்றுதான் அழைத்தார்கள். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஆமினாவுக்குப் பல்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, பக்கத்து வீட்டுப் புது மணப்பெண் நசீஹாவிடம் பிள்ளையை விட்டுவிட்டுப் போனார்கள். நசீஹாவின் ஜனாஸா கிடைத்தது. உம்முவினுடையது கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளையும் கிடைக்கவில்லை.

ஆமினாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு, அல்மாரி, அல்மாரிக்குள் இருந்த படங்கள் எல்லாம் கடலோடு போயின. சொந்தக்காரர்கள் எல்லாரும் அதே தெருதான், அவர்களிடமும் ஒன்றும் மிஞ்சவில்லை. பள்ளிக்கூடத்தில் எடுத்த குழுப் படமும் பள்ளிக்கூடத்தோடு போனது. ஆக, உம்முவின் முகம் இந்த உலகத்தில் ஒரு கடதாசியிலும் இல்லை. யாருடைய கலியாணப் படத்திலாவது, யாருடைய பெருநாள் படத்திலாவது, ஒரு ஓரத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாளா என்றுதான் மனிதர் ஆயிரம் படங்களுக்குப் பெயர் எழுதினார்.

இனி, குழுவுக்கு அவர் போட்ட ஒரு விதியின் கதை. ஒருவர் பழைய பாடசாலைப் படம் ஒன்றைக் குழுவில் போட்டார். அதில் ரெட்டைப் பின்னலோடு நின்ற பிள்ளை இன்றைக்கு ஒரு பெரிய மனிதரின் மனைவி. அவளுடைய சகோதரன் போன் எடுத்து, எங்கட குடும்பத்துப் பொம்புளைய ஊருக்குக் காட்டுறதுக்கு நீங்க ஆரு என்று கேட்டான். கேட்டதோடு விடாமல் குழுவுக்குள்ளும் வந்து கத்தினான். பாதிப் பேர் அவன் பக்கம், பாதிப் பேர் படம் போட்டவர் பக்கம். ஆட்கள் குழுவைவிட்டு ஒவ்வொருவராகக் கழன்றார்கள். குழு உடைந்தால் படம் வரும் வழியும் அடைபட்டுவிடும் என்று பதியுதீனுக்குப் பயம். அவசரமாக ஒரு விதியை எழுதி எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டினார்: ‘பெண்களின் முகம் தெரியும் படங்களை அப்படியே அனுப்ப வேண்டாம். வயது வித்தியாசம் இல்லை, சிறு பிள்ளைகளும் அடங்கும். முகம் மறைத்து அனுப்பவும்.’

நல்லரெத்தினம் உடனே போன் எடுத்தார்.

“தம்பி, பெரிய ஆக்களை மறையுங்கோ, அது உங்கட மார்க்கம், நான் ஒண்டும் சொல்லேல்ல. சின்னப் பிள்ளையளை ஏன் மறைக்கிறீங்கள்? பிறகு அந்தத் தெருவில ஆர் விளையாடினது எண்டு எப்பிடித் தெரியும்?”

“அண்ணன், உங்களுக்கு எங்கட சிக்கல் விளங்காது. ஒண்ட உட்டா எல்லாத்தையும் உடணும்.”

“சரி, உங்கட குழு, உங்கட சட்டம்.”

பதியுதீன் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தார். மறைப்பது குழுவுக்காகத்தானே. அனுப்புகிறவரின் வீட்டில் மூலப்படம் பத்திரமாக இருக்கும். உம்மு நிற்கும் படம் வந்தால் உடுப்பை வைத்தோ இடத்தை வைத்தோ கண்டுபிடித்து, அந்த வீட்டுக்கே போய்ப் பார்த்துவிடலாம். கெட்டிக்காரத்தனமான யோசனை என்று தன்னையே மெச்சிக்கொண்டார். சண்டை அடங்கியது, போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். விதி நல்ல விதி என்று வெளிநாட்டிலிருந்து வாழ்த்துகள்கூட வந்தன.

அசர் தொழுதுவிட்டு வந்து போனைத் திறந்த ஒருநாள், கட்டாரிலிருந்து சப்ரி ஒரு கலியாணப் படம் அனுப்பியிருந்தான். சுனாமியில் இறந்த நசீஹாவின் கணவருக்குத் தம்பி அவன். நசீஹாவின் கலியாண அல்பத்தைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவதற்காக மாப்பிள்ளை வீட்டார் சம்மாந்துறைக்குக் கொண்டுபோயிருந்ததால் அது தப்பிக் கிடந்ததாம். படத்தில் பெண்களின் முகங்கள் எல்லாம் கறுப்பு வட்டம். கீழே யாரோ ‘மாஷா அல்லாஹ், பேணுதலா அனுப்பி இரிக்கிங்க’ என்று எழுதியிருந்ததற்குப் பதியுதீன் ஒரு லைக்கும் போட்டார். பிறகுதான் பின்னால் தெரிந்த இரும்புக் கேற்றைக் கண்டார்.

“ஆமினா! இஞ்ச ஓடி வா. நம்மட வீட்டுக் கேற்றப் பாரு.”

ஆமினாவுக்கு அந்தப் போனைக் கண்டாலே ஆகாது, அது அவளுக்கு ஒரு சக்களத்தி மாதிரி. கை ஈரத்தைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து, முகத்தைச் சுளித்தபடிதான் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

“கேற்ற என்னத்துக்குப் பாக்கச் சொல்றீங்க? இந்தப் புள்ளயப் பாருங்க.”

“எந்தப் புள்ள?”

“நசீஹாட கையப் புடிச்சிட்டு நிக்கிற புள்ள. இது நான் தைச்ச கவுன். நோன்புப் பெருநாளைக்குத் தைச்ச. ஒரு கைக்குத் துணி போதாமப் போய் எண்ட சாரித் துண்ட வெச்சித் தைச்சேன். ரெண்டு கையும் ரெண்டு மாதிரி எண்டு அழுதிச்சே, ஞாபகம் இல்லையா?”

அவருக்கு ஞாபகம் வந்தது. மஞ்சள் கவுன், ஒரு கை மட்டும் பூப்போட்டது. கலியாணத்தன்று அவர் டிப்போவில் வேலை, ஆமினா கலியாண வீட்டுச் சமையல் பக்கம். பிள்ளை படத்துக்கு நின்றதை இரண்டு பேருமே காணவில்லை. கழுத்துக்கு மேலே கறுப்பு வட்டம். ஆனாலும் பதியுதீனுக்குச் சந்தோசம்தான். மூலப்படம் இருக்கிறதே.

சப்ரிக்குப் போன் எடுத்தார். “படம் உம்மாட்ட இரிக்கி காக்கா. உம்மாதான் மறைச்சி, பக்கத்து வீட்டுப் புள்ளயக் கொண்டு போன்ல எடுத்து அனுப்பின” என்றான் அவன், பதியுதீனை அண்ணன் முறையில் காக்கா என்றே கூப்பிடுகிறவன். மிச்சத்தைக் கேட்க இவருக்குப் பொறுமை இருக்கவில்லை.

அடுத்த நாள் காலை ஓட்டோ பிடித்துச் சம்மாந்துறைக்குப் போனார்கள். ஆமினா பெருநாளைக்கு எடுத்த அபாயாவை உடுத்தியிருந்தாள். வயல்களில் கதிர் வந்திருந்தது. உம்மு இறந்த பிறகு அவளைப் பற்றி இருவரும் அதிகம் கதைப்பதில்லை, கதைத்தால் யாராவது ஒருவர் எழும்பிப் போக வேண்டிவரும். அன்றைக்கு ஓட்டோவுக்குள் ஆமினாவே கதையைத் தொடங்கினாள்.

“அவட மூக்கு ஆரட மூக்கெண்டு இண்டைக்குத் தெரிஞ்சிரும்.”

“எங்கட உம்மாட மூக்கு. அதில என்ன பேச்சு?”

“உங்கட உம்மாட மூக்கா? அல்லாட காவல். அது எங்கட வாப்பாட மூக்கு. பாத்துட்டுக் கதைங்க.”

ஓட்டோக்காரப் பையன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். அந்த மூக்குச் சண்டை பிள்ளை பிறந்த அன்று தொடங்கியது. இத்தனை வருடத்துக்குப் பிறகு மீண்டும் அந்தச் சண்டையைப் போடக் கிடைத்ததில் இரண்டு பேருக்கும் உள்ளூர ஒரு பெருமை.

சப்ரியின் தாய் செய்னம்பு உம்மா நடமாட்டம் குறைந்த மனிசி, ஆனால் முகம் நிறையச் சிரிப்பு. பிளேன்டீயும் பிஸ்கட்டும் வைத்தார். அல்பத்தைத் துணியில் சுற்றி அல்மாரிக்குள் வைத்திருந்தார். அதை எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, ஆமினாவின் மடியில் விரித்தார்.

அந்தப் படம் இருந்தது. மஞ்சள் கவுன் இருந்தது. முகத்தில் கறுப்பு வட்டமும் இருந்தது. படத்தின் மேலேயே, மார்க்கர் பேனாவால், வெளியில் பிசகாமல் வட்டமாகத் தீட்டிய கறுப்பு.

பதியுதீன் பக்கத்தைப் புரட்டினார். அடுத்ததிலும் கறுப்பு. அதற்கடுத்ததிலும். நசீஹாவுக்கு, நசீஹாவின் தாய்க்கு, தோழிகளுக்கு, சின்னப் பிள்ளைகளுக்கு. உம்மு நின்ற இன்னொரு படத்தில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வளைந்து நின்ற விதத்தில், சிரித்திருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

“உம்மா, இதென்ன வேலை? போன்லதான் மறைக்கணும். படத்துல இல்ல.”

“எனக்கெங்க தம்பி போன்ல மறைக்கத் தெரியும்? நீங்க எழுதினத சப்ரி போன்ல வாசிச்சிக் காட்டினான், சின்னப் புள்ளையளும் அடங்கும் எண்டு. நான் கை முகம் கழுவி வுளு எடுத்து, பிஸ்மி சொல்லித்தான் தொட்டேன். எல்லாம் மவுத்தாகி அல்லாட்டப் போன புள்ளையள். அதுகள்ர முகத்த ஊரெல்லாம் பாக்க உடலாமா? ஒண்டும் மிச்சம் வைக்கல்ல, எல்லாத்தையும் மறைச்சிட்டேன். இனி ஆரு கேட்டாலும் பயமில்லாமக் குடுக்கலாம்.”

சொல்லிவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தார் பாவம். ஆமினா மெல்லிய குரலில், மஞ்சள் கவுனைத் தொட்டுக்காட்டி, இது எண்ட மகள் என்றாள். அதற்குமேல் அந்த வீட்டில் நடந்ததை எழுதக் கை வரவில்லை. செய்னம்பு உம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதார். கடைசியில் ஆமினாதான் அவரைப் பிடித்து, தண்ணி பருக்கி, நீங்க என்ன செய்வீங்க உம்மா, சொன்னதத்தானே செஞ்சீங்க என்று தேற்ற வேண்டியிருந்தது. சொன்னது யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பார்வை பார்த்து ஏசியிருந்தால்கூடப் பதியுதீனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

செய்னம்பு உம்மா அல்பத்தையே கொடுத்தனுப்பினார். கல்முனை ரவுனில் படச் சட்டம் போடும் ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனார்கள். அவர் ஒரு ஓரத்தில் நின்ற யாரோ ஒருத்தியின் கறுப்பில் பஞ்சால் மெதுவாக ஸ்பிரிட்டைத் தொட்டுப் பார்த்தார். கறுப்பு கழன்றது, கறுப்போடு படமும் கழன்றது. அடியில் வெள்ளைக் கடதாசி. “இதுக்கு மேல நான் தொட மாட்டேன் காக்கா” என்று பஞ்சைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் கலியாணத்துக்குப் படம் எடுத்தவர் எப்போதோ மௌத்தாகிவிட்டார். நெகட்டிவ் என்ற சொல்லைக் கேட்டு அவருடைய மகன் விழித்தான்.

பதியுதீன் குழுவிலிருந்த விதியை நீக்கினார். பிறகு அந்தப் படத்துக்குக் கீழே, வழக்கம்போல எழுதினார்: ‘இடமிருந்து வலம்: நசீஹா. உம்மு சல்மா, எனது மகள். இவளது முகம் தெரியும் படம் யாரிடமாவது இருந்தால், தயவு செய்து மறைக்காமல் எனக்கு அனுப்பவும்.’ தன்னைப் பற்றி அவர் குழுவில் எழுதிய முதல் வார்த்தைகள் அவைதான்.

துஆக்களும் பிரார்த்தனைகளும் வந்து குவிந்தன. அழுகிற மஞ்சள் முகங்கள் குவிந்தன. ஐஸ்பழம் வாங்கக் காசு போதாமல் உம்மு நின்றதை நினைவு வைத்திருந்த ஒருவர் அதை எழுதினார். படம் மட்டும் வரவில்லை. நல்லரெத்தினம் சைக்கிளில் வந்து, கதவடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அன்றைக்கே சொன்னேன் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை இருந்தது.

“வீட்டில இருந்த பெட்டியெல்லாம் கொட்டித் தேடினன் தம்பி. ஒண்டுமில்ல. அண்டைக்கு நான் இன்னும் கொஞ்சம் உரமாச் சொல்லியிருக்கோணும். சட்டம் உங்கடை எண்டு விட்டிட்டன்.”

“நீங்க சொன்னீங்க அண்ணன். நான்தான் கேக்கல்ல” என்றார் பதியுதீன். இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தார்கள். பிழை பிடிக்க அன்றைக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அப்போதுதான் மாலைதீவில் ஹோட்டல் வேலை செய்யும் றிம்சான் அந்தப் பதிவுக்குக் கீழே வந்தான். குழுவில் துடிப்பான பையன், நல்ல மனசு. ‘கவலப்படாதீங்க காக்கா, இப்ப இதுக்கெல்லாம் வழி வந்திட்டு’ என்று எழுதினான். பதியுதீனின் படத்தை எடுத்து, கலியாணப் படத்தையும் கொடுத்து, செயற்கை நுண்ணறிவிடம் உம்முவின் முகத்தைக் கேட்டிருக்கிறான். மறுநாள் காலை குழுவைத் திறந்தால் மஞ்சள் கவுனுக்கு முகம் வந்திருந்தது. பெரிய கண், ஒழுங்கான பல் வரிசை, கன்னத்தில் குழி. ஒரு கறுப்பும் இல்லை, ஒரு கீறலும் இல்லை.

சனம் உருகிப் போனது. அப்படியே வாப்பாட சாயல் என்றார்கள், அவளைக் காணாதவர்கள். ஓம், இதே புள்ளதான் என்றார்கள், கண்டவர்கள் இரண்டொருவர். பழைய படத்துக்கு வர்ணம் தீட்டியதற்காகவே ஆட்களைக் குழுவிலிருந்து தூக்கிய மனிதர் பதியுதீன். இருந்ததை இருந்தபடி வை, இல்லாவிட்டால் இல்லை என்று எழுது என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்தவர். அந்தப் படத்தை அழிக்க அவருக்குக் கை வரவில்லை. பார்த்தார். போனை மூடினார். மீண்டும் திறந்து பார்த்தார். இது உம்மு இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எது இல்லை என்று கேட்டால் சொல்ல முடியவில்லை. கண்ணா, வாயா, நெற்றியா? கடற்கரைத் தெருவின் ஒவ்வொரு கதவும் எந்தப் பக்கம் திறக்கும் என்று சொல்லக்கூடிய மனிதருக்குத் தன் பிள்ளையின் வாய் எப்படி இருந்தது என்று சொல்ல வரவில்லை.

இரண்டு மூன்று நாள் பார்த்த பிறகு, ஆமினாவுக்கு ஒரு ஆறுதலாவது கிடைக்கட்டும் என்று போனைக் கொண்டுபோய் நீட்டினார். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை வைத்துவிட்டுப் பார்த்தாள்.

“இது ஆரட புள்ள?”

“றிம்சான் செஞ்சது. உம்மு இப்பிடித்தான் இருந்திருக்கும் எண்டு மெசின் சொல்லுது.”

“மெசினுக்கு உம்முவத் தெரியுமா?”

அவள் இன்னொரு தடவை பார்த்தாள், கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். பிறகு சுளகை எடுத்துக்கொண்டாள்.

அன்று பின்னேரமே பதியுதீன் குழுவிலிருந்து அந்தப் படத்தை அழித்தார். அழித்து என்ன? அதற்குள் அது வேறு பத்து பேஸ்புக் பக்கங்களுக்குப் போயிருந்தது. யாரோ அதற்கு மெழுகுதிரியும் புறாவும் சேர்த்து, ‘கல்முனையின் சுனாமிச் சிட்டு’ என்று பெயரும் வைத்திருந்தார்கள். டிசம்பர் வந்தபோது நினைவுதினப் பதாகை ஒன்றில் மற்றவர்களின் உண்மையான முகங்களுக்கு நடுவில் அந்தப் பிள்ளை கன்னக்குழியோடு சிரித்தது. கீழே உம்மு சல்மா என்று எழுதி, வாப்பாவின் பெயரும் சரியாகப் போட்டிருந்தார்கள். இது பிழை என்று பதியுதீன் ஒரு பக்கத்துக்கு எழுதினார். அப்படியென்றால் சரியான படத்தை அனுப்புங்கள், மாற்றுகிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் ‘அந்தக் கரை’யில் எழுதுவதை நிறுத்திவிட்டார். யாராவது ஆண்டைப் பிழையாகப் போட்டாலும் வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

நினைவுதினத்தன்று லுஹர் தொழுதுவிட்டு ஆமினா பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். யாஸீன் ஓதி முடித்திருந்தாள். கண்ணை மூடியபடி, அவரைப் பார்க்காமலேயே சொன்னாள்.

“நீங்க அதக் காட்டியிருக்கப்படாது.”

“எத?”

“முந்தி எனக்கு மங்கலாத்தான் வரும். ஆனா அவதான் வருவா. இப்ப துஆக் கேக்கக் கண்ண மூடினா, அந்தப் புள்ள வந்து நிக்கிது.”

பதியுதீனுக்கும் வெகுநாளாக அப்படித்தான். அதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்காவது உண்மையான முகம் மிச்சம் இருக்கிறது என்று அதுவரை நம்பியிருந்தார்.